அணித்தலைவனும் ஆன்ம குருவும்

1908ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இங்கிலாந்தின் கடைகளில் ஒரு மெல்லிய வெளியீடு விற்பனைக்கு வந்தது. விலை நான்கு பென்சு. பதினைந்து நாளுக்கு ஒன்றாக ஆறு பகுதிகளில் வெளிவந்த 'சிறுவர்க்கான சாரணியம்' என்ற நூலின் முதற்பகுதி அது. எழுதியவர் படைத்தளபதி இராபர்ட் பேடன்-பவல். புதியதோர் அமைப்பைத் தொடங்குவது அப்போது அவர் நோக்கமன்று. 1883இல் வில்லியம் ஸ்மித் என்பார் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய சிறுவர் படையணி போன்ற அமைப்புகள் முன்னரே இயங்கி வந்தன. அவற்றை நடத்தும் பெரியவர்கள் தம் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளத் தக்க புதுமுறையாகவே அவர் அதனை எழுதினார். நடந்ததோ வேறு. பெரியவர்களுக்கு முன்னே சிறுவர்கள் அதனை வாங்கிவிட்டார்கள். தெருவுக்குத் தெரு ஆறேழு பேராகக் கூடினார்கள். தங்களுள் ஒருவனைத் தலைவனாக்கினார்கள். கையில் தடியும் தலையில் அகன்ற தொப்பியுமாக ஊர்ப்புறம் நோக்கிப் புறப்பட்டார்கள். அதன் பிறகே பல இடங்களில், "எங்களுக்கு ஆசிரியராக இருப்பீர்களா?" என்று கேட்டு ஒரு பெரியவரைத் தேடிச் சென்றார்கள்.

இந்த வரிசை நம் கவனத்திற்குரியது. முதலில் சிறுவர், அடுத்து அவர்களுள் ஒரு தலைவன், அதற்கும் பின்னர்தான் மூத்தவர். நாம் நடத்தும் இளையோர் அமைப்புகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான வரிசையில் பிறக்கின்றன. பங்குத்தந்தை ஞாயிறு திருப்பலியில் அறிவிப்பார். பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பார். அதன் பின் இளைஞர்கள் பெயர் கொடுப்பார்கள். பெண்பிள்ளைகளும் அழைப்பின்றியே வந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1909 செப்டம்பரில் இலண்டன் கிறிஸ்டல் பேலசில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சாரணச் சிறுவர்கள் அணிவகுத்தபோது, தாமே சீருடை தைத்து அணிந்துகொண்டு சில சிறுமியர் வந்து நின்றனர். பெரியவர்கள் திகைத்தார்கள். அடுத்த ஆண்டே பெண்களுக்கான சாரணியர் அமைப்பு உருவாயிற்று.

நம் வாசகர்களுள் பலர் சாரணரைத் திருவிழாக் கூட்டத்தில் தேருக்கு வழி ஒதுக்கும் காக்கிச் சட்டைப் பையன்களாகவே அறிவர். ஆயின் இவ்வியக்கத்தின் உயிர் சீருடையிலோ கயிற்று முடிச்சிலோ இல்லை. 'அணி' என்னும் சிறு வட்டத்தில் இருக்கிறது. 1907 ஆகஸ்டில் பூல் துறைமுகத்தை அடுத்த பிரவுன்சீ தீவில் பேடன்-பவல் ஏறத்தாழ இருபது சிறுவரோடு ஒரு சோதனை முகாம் நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளிகளிலிருந்து வந்தோரும் உழைப்பாளர் இல்லங்களிலிருந்து வந்தோரும் அதில் கலந்திருந்தனர். அவர்களை ஓநாய், காளை, காகம், உள்ளான் என்னும் நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு மூத்த பையனைத் தலைவனாக்கினார். இரவுக் காவலும் முறைவைத்து ஒவ்வோர் அணியின் பொறுப்பாயிற்று. தளபதி அங்கேதான் இருந்தார். மாலையில் தீ மூட்டிக் கதை சொன்னார். ஆனால் அணிக்குள் இன்னார் இன்னது செய்க என்று சொல்லும் வாய் அணித்தலைவனுடையது.

இவ்வெண்ணத்தின் வித்து மாஃபெக்கிங் முற்றுகையில் விழுந்ததாகச் சொல்வர். 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாள் நீடித்த அம்முற்றுகையில், எட்வர்டு செசில் என்னும் அதிகாரி நகரத்துச் சிறுவர்களைத் திரட்டிச் செய்தி கொண்டு செல்லும் பணியில் அமர்த்தினார். அவர்களுக்குத் தலைவனாய் இருந்தவனும் ஒரு சிறுவனே. அதே முற்றுகையில் அந்நகரின் கறுப்பின மக்கள் பட்ட கொடும் பசி இயக்கத்தின் பழங்கதைகளில் இடம்பெறுவதில்லை. அதை மறைத்துவிட்டு இக்கதையைச் சொல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை.

அணியின் அமைப்பைச் சற்று உற்று நோக்குவோம். பதினொன்று, பன்னிரண்டு வயதினரும் பதினைந்து, பதினாறு வயதினரும் ஒரே அணியில் கலந்திருப்பர். சமையல், முதலுதவி, பொருட்காப்பு என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு வேலை உண்டு. அவன் செய்யாவிடில் அது நடவாது. எட்டுப் பேர் அன்றிரவு பட்டினி கிடப்பர். அணித்தலைவர்கள் அனைவரும் கூடும் கௌரவ மன்றம் படையின் முகாம், கணக்கு, ஒழுங்கு ஆகியவற்றை முடிவு செய்யும். சாரண ஆசிரியர் அங்கே அமர்ந்திருப்பார், அறிவுரை சொல்வார், ஆனால் பல படைகளில் அவருக்கு வாக்கு இல்லை. வாக்கில்லாத தலைமை இருக்கையில் அமர்ந்து பொறுமை காப்பது எத்துணை அரியது என்பதைப் பங்குப் பேரவை நடத்திப் பார்த்தவர் அறிவார்!

இம்முறையை 1914இல் தனி நூலாக விளக்கியவர் ரோலண்டு பிலிப்ஸ். பிரபுவின் மகனாய்ப் பிறந்து, கிழக்கு இலண்டனின் ஏழைச் சிறுவர் நடுவே உழைத்தவர். நூல் வந்த அதே ஆண்டில் உலகப்போர் மூண்டது. சாரண ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் போர்முனை சென்றனர். கலைந்து போயிருக்க வேண்டிய படைகள் பல கலையவில்லை; பதினைந்து வயது அணித்தலைவர்கள் அவற்றை நடத்தினார்கள். பிலிப்ஸ் 1916 சூலையில் சோம் போர்க்களத்தில் மடிந்தார். அவர் எழுதி வைத்த முறையோ ஆசிரியர் இல்லாத வெறுமையில் சோதிக்கப்பட்டு நிலைத்தது. பெரியவர் தேவையில்லை என்று இதிலிருந்து சிலர் முடிவு கட்டலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. போருக்குமுன் ஆண்டுக்கணக்கில் அச்சிறுவர்களை உருவாக்கிய ஆசிரியரின் உழைப்பே அந்நாளில் பலன் தந்தது. உருவாக்கப்படாத சிறுவர் கையில் விடப்பட்ட படை ஒரு மாதமும் தாங்கியிராது. போர் முடிந்ததும் பேடன்-பவல் செய்த முதற்காரியமும் இதை மெய்ப்பிக்கிறது. 1919 செப்டம்பரில் இலண்டனை அடுத்த கில்வெல் என்னும் இடத்தில் பெரியவர்களுக்கென்றே பயிற்சி முகாம் தொடங்கினார். அங்கே வந்த பெரியவர்கள் அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். மீசை நரைத்தவரும் தம் அணித்தலைவனுக்குக் கீழ்ப்படிந்து பாத்திரம் கழுவினார்.

இனிப் பிரான்சு நாட்டிற்குச் செல்வோம். கத்தோலிக்கர் என்ற முறையில் நமக்கு மிகவும் நெருக்கமான பகுதி அங்கேதான் நிகழ்ந்தது. அந்நாட்டுப் பங்குகளில் ஏற்கெனவே 'பத்ரோனாஜ்' என்ற சிறுவர் மன்றங்கள் செழித்திருந்தன. விளையாட்டு, உடற்பயிற்சி, நாடகம் எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் நடுவே உதவிப் பங்குத்தந்தை நின்றார். அவர் மாற்றலாகிச் சென்றால் பல வேளைகளில் மன்றமும் சோர்ந்துவிடும். சாரணியத்தையோ பலர் ஐயத்தோடு நோக்கினர். புரொட்டஸ்டண்டு நாட்டுச் சரக்கு என்றனர். பிரமச் சபையாரின் கை இதில் உண்டு என்றனர். இவ்வையத்தை எதிர்கொண்டவர் இயேசு சபைக் குரு ழாக் செவன். 1882இல் லில் நகரில் பிறந்த இவர், 1913இல் இங்கிலாந்து சென்று பேடன்-பவலை நேரில் சந்தித்தார். 1920இல் முதுகுரு கோர்னெட் முதலியோருடன் இணைந்து பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சாரணர் சங்கத்தை நிறுவினார். 1922இல் வெளிவந்த அவரது நூல் இயக்கத்தின் முறைகளை மறையியல் நோக்கில் ஆராய்ந்து, நம்பிக்கைக்கு முரணானது எதுவும் அதில் இல்லை என்று காட்டியது.

அவர் காலத்தில் உருவான அமைப்பில் குருவின் இடம் எது என்பதே நமது பொருளுக்கு முதன்மையானது. ஒவ்வொரு படைக்கும் ஓர் ஆன்ம குரு உண்டு. ஆனால் படையின் தலைவர் அவர் அல்லர். தலைவர் பொதுநிலையினரான ஓர் இளைஞர், பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர். அவருக்குக் கீழே பதினைந்து வயது அணித்தலைவன். அவனுக்குக் கீழே பன்னிரண்டு வயதுப் பையன். குரு திருப்பலி நிறைவேற்றுவார், பாவசங்கீர்த்தனம் கேட்பார், தலைவரோடு நடந்தபடியே உரையாடுவார்; ஊதலை அவர் ஊதமாட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றிய ஆவணத்தில், இளைஞரிடையே நேரடித் தூதர் இளைஞரே ஆகவேண்டும் என்று கூறி, உடனேயே முதியோர் அவர்களோடு நட்புறவில் உரையாட வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. செவன் இதைக் காடுகளிலும் முகாம்களிலும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்திருந்தார். திரு அவையில் அவர் பட்ட துயரும் சிறிதன்று. 1924இல் தலைமைப் பொறுப்பிலிருந்தும், 1933இல் ஷமராந்த் பயிற்சி நிலையத்திலிருந்தும் விலக்கப்பட்டார். 1951இல் மறைந்த அவரை 2012இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

விடுதலைப் பயண நூலில் இத்திரோ தம் மருமகன் மோசேக்குச் சொன்ன அறிவுரை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. காலை முதல் மாலை வரை மக்கள் அனைவருக்கும் தனியொருவராய் நீதி வழங்கிக் களைத்த மோசேயிடம், ஆயிரவர், நூற்றுவர், ஐம்பதின்மர், பதின்மர் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார் அவர். நாம் மறையுரையில் இப்பகுதியைப் பொறுப்புகளைப் பகிர்வதற்கு எடுத்துக்காட்டுவோம். மற்றொரு பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். மோசே வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கவில்லை. அத்தலைவர்களைத் தெரிவு செய்யும் பணியும், மக்களுக்குச் சட்டம் கற்பிக்கும் பணியும், கடினமான வழக்குகளைத் தீர்க்கும் பணியும் அவரிடமே இருந்தன. வேலை கைமாறிற்று, பொறுப்பு கைமாறவில்லை.

1964இல் பிரெஞ்சுச் சாரணர் சங்கம் தன் அமைப்பை மாற்றியது. பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுவரை ஒரு பிரிவு, பதினான்கு முதல் பதினேழு வரை மற்றொரு பிரிவு. பெரிய பையன்கள் சிறுவரோடு விளையாடிச் சலித்தனர், தம் வயதுக்கேற்ற பெருமுயற்சிகளை விரும்பினர் என்பது அதற்குரிய நியாயம்; அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் பதினாறு வயதினன் பன்னிரண்டு வயதினனின் பசியையும் காய்ச்சலையும் தன் கவலையாகக் கொண்டிருந்த பழைய உறவு அங்கே அறுந்தது. அக்கவலை மெல்லப் பெரியவரிடம் திரும்பியது. மனம் ஒப்பாத பலர் பிரிந்து 1971இல் தனிச் சங்கம் கண்டனர். எது சரி என்ற வழக்கு இன்றும் முடியவில்லை. நம் மனம் பழைய அணியின் பக்கமே சாய்கிறது.

ஆயினும் பழைய முறையைக் காப்பதாக எண்ணி அதன் பாதியை மட்டும் காத்தவர்களால் விளைந்த துயரை மறைக்கலாகாது. 1998 சூலைத் திங்களில் பிரித்தானிப் பகுதியின் பெரோஸ்-கிரெக் கடலில், சிறு பாய்மரப் படகொன்றில் சாரணச் சிறுவர்கள் பெரியவர் துணையின்றிச் சென்றனர். கடல் சீறியது. சிறுவர் நால்வர் மாண்டனர். அவர்களைக் காக்க முயன்ற மாலுமி ஒருவரும் மாண்டார். முகாமை நடத்தியவர் ஒரு குரு. அவரது குழு பெரிய சாரணர் சங்கங்களுள் சேராதது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சிறுவரை நம்புவது நல்லதே. காற்றையும் நீரோட்டத்தையும் படகையும் நம்பலாமா என்று பார்த்துச் சொல்வது யாருடைய வேலை? அது பெரியவருடையது. பிரவுன்சீ தீவில் தளபதி சிறுவரை இரவுக் காவலுக்கு அனுப்பினார். தாம் தீவை விட்டுப் போய்விடவில்லை.

லியோன் நகரை அடுத்த ஒரு பங்கில் நிகழ்ந்ததோ இதற்கு எதிர்முனை. அங்கே ஒரு குரு தாமே அமைத்த தனிப்பட்ட சாரணர் குழுவை, எச்சங்கத்துக்கும் உட்படாமல், 1970களிலும் 1980களிலும் தாமே நடத்தினார். பெற்றோர் அவரைப் போற்றினர். குழுவோ நூற்றுக்கணக்கான பிள்ளைகளால் நிறைந்தது. அப்பிள்ளைகளுள் பலரை அவர் தீண்டிச் சீரழித்தார். பெற்றோர் முறையிட்டதால் 1991இல் குழுவிலிருந்து அகற்றப்பட்டார். ஆனால் குருத்துவப் பணியில் நீடிக்க விடப்பட்டார். அச்சிறுவர்கள் நடுவயதினர் ஆன பின்னரே அவர்களுடைய குரல் கேட்கப்பட்டது. 2019இல் அவர் குருத்துவ நிலையிலிருந்து நீக்கப்பட்டார். 2020 மார்ச்சில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

குருவாகிய நாம் இவ்விரு நிகழ்வுகளையும் அடுத்தடுத்து எழுதும்போது கை தயங்குகிறது. ஆயினும் சேர்த்தே எழுத வேண்டும். முன்னவர் விலகி நின்றார். பின்னவர் அனைத்தையும் தாமே பற்றிக்கொண்டார். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவுக்கோடு கிழித்துவிட்டால் போதும் என்று சிலர் கருதுவர். செவன் காலத்து அமைப்பை மீண்டும் பாருங்கள். அதில் குரு ஒருவர், தலைவர் வேறொருவர். தலைவருக்குப் பயிற்சி கொடுத்தவர்களும் அவரிடம் கணக்குக் கேட்பவர்களும் மேலே இருந்தனர். கௌரவ மன்றத்தில் பேசிப் பழகிய சிறுவர்களும் கீழே இருந்தனர். லியோனில் இவை எல்லாம் ஒரே மனிதருக்குள் அடங்கிவிட்டன. இளையோருக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். அப்பெரியவருக்கும் ஒரு பெரியவர் வேண்டும் என்பதை, அதிலும் அவர் அங்கி அணிந்தவராயின், நம் சபை மிகத் தாமதமாகவே ஒப்புக்கொண்டது.

இன்றும் பிரான்சில் சாரண அணிகள் வளர்ந்த பிள்ளைகளாயின் பெரியவரின்றிச் சிறிது காலம் தாமே பயணம் சென்று கூடாரமடிக்கின்றன. ஆனால் புறப்படுமுன் தலைவர் வழியையும் தங்குமிடத்தையும் ஆராய்ந்திருப்பார். குடிநீர் எங்கே, மருத்துவர் எங்கே, பிள்ளைகள் எவரை எப்போது அழைக்க வேண்டும் என்பதெல்லாம் பேசி முடிவாகியிருக்கும். வீட்டில் பெற்றோருக்கும் அது தெரியும். மாலையில் அணித்தலைவி தன் எட்டுப் பேரை எண்ணிப் பார்த்துக் கூடாரத்தின் கயிற்றை இறுக்குகிறாள். சில மைல் தொலைவில், விளக்கை அணைக்காமல், தொலைபேசியை அருகில் வைத்துக்கொண்டு ஒருவர் விழித்திருக்கிறார்.