இளையோர் நிரலாக்க, ரோபோட்டிக்ஸ் மன்றங்கள்: வடசென்னையை முன்வைத்து ஒரு நிதி வரலாறு

நிரலாக்க மன்றம் என்பது பாடவேளைக்கு வெளியே, தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல், சிறுவர்களும் இளையோரும் கூடிக் கணினி நிரல் எழுதிப் பழகும் இடம். சிறு எந்திரங்களைச் செய்து இயக்கப் பழகும் இடம் ரோபோட்டிக்ஸ் மன்றம். இவற்றின் செலவு இருவகைப்படும். கணினி, உணரி, மோட்டார் முதலிய கருவிகளுக்கு ஆவது ஒருமுறைச் செலவு. பயிற்றுநர் ஊதியம், இடம், மின்சாரம், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஆவது ஆண்டுச் செலவு. இந்தியாவில் இம்மன்றங்களுக்கான நிதித் திட்டங்கள் பெரும்பாலும் முதல்வகைச் செலவிலிருந்தே தொடங்கின. இரண்டாம் வகைச் செலவை எத்தனை ஆண்டுகளுக்கு யார் ஏற்பது என்பதே ஒரு மன்றம் நிலைப்பதைத் தீர்மானிக்கிறது.

கொடுங்கையூர்

கொடுங்கையூர் வடசென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, மாதவரம், மணலி ஆகிய பகுதிகளுக்கு நடுவே உள்ளது. சென்னையின் இரு பெரும் குப்பைக் கிடங்குகளில் ஒன்று இங்கு ஏறத்தாழ 340 ஏக்கரில் பரந்துள்ளது; மற்றொன்று பெருங்குடியில் உள்ளது. வடக்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், எண்ணூரில் துறைமுகமும் வாகனத் தொழிற்சாலையும் இயங்குகின்றன. எந்திரங்கள் சூழ்ந்த இப்பகுதியின் பிள்ளைகளுக்கு, அவற்றை வடிவமைக்கும் கல்வி பள்ளிக்கு வெளியே கிடைக்க வேண்டுமானால் அது கட்டணமில்லாததாக இருக்க வேண்டும். கட்டணப் பயிற்சி பல குடும்பங்களின் வருவாய்க்கு எட்டாதது.

தொடக்க முயற்சிகள்

தமிழ்நாட்டில் பள்ளிக்கு வெளியே அறிவியல் மன்றம் என்ற கருத்தைப் பரப்பியதில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அதன் சிறுவர் இதழான ‘துளிர்’ 1987இல் தொடங்கியது. இதழின் பெயரால் அமைந்த ‘துளிர் இல்லங்கள்’ தன்னார்வலர்களின் உழைப்பில் நடந்தன. அட்டை, கண்ணாடி, காந்தம் போன்ற எளிய பொருள்களே போதுமாக இருந்ததால் பெருநிதி தேவைப்படவில்லை.

கணினி வந்ததும் நிலை மாறியது. ஒன்றிய அரசு 1984-85இல் ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினித் திட்டத்தைச் சுமார் 250 பள்ளிகளில் தொடங்கியது. பிரிட்டனிலிருந்து வந்த ‘பிபிசி மைக்ரோ’ கணினிகள் அதில் பயன்பட்டன. அன்றைய விலையில் கணினியே பெருஞ்செலவு.

பின்னர் கருவிகளின் விலை குறைந்தது. 2005இல் ஆர்டுயினோ மின்சுற்றுப் பலகையும், 2007இல் ஸ்கிராட்ச் என்னும் இலவச நிரல்மொழியும், 2012இல் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியும் வந்தன. 2011இல் அயர்லாந்தில் தொடங்கிய கோடர்டோஜோவும் 2012இல் பிரிட்டனில் தொடங்கிய கோட் கிளப்பும் தன்னார்வலர்களை நம்பியே பல நாடுகளுக்குப் பரவின. ஓய்வு நேரமும் கணினித் துறை வேலையும் உடையவர்கள் அருகில் வாழும் ஊர்களில் இம்முறை எளிது. அத்தகையோர் குறைவாக உள்ள தொழிலாளர் குடியிருப்புகளில் பயிற்றுநருக்கு ஊதியம் தர வேண்டியுள்ளது.

ஒன்றிய அரசின் நிதி

நிதி ஆயோக்கின் கீழ் 2016இல் உருவான அடல் புத்தாக்கத் திட்டம், 6 முதல் 12ஆம் வகுப்பு மாணவர்களுக்காகப் பள்ளிகளில் ‘அடல் டிங்கரிங் ஆய்வகங்களை’ அமைக்க நிதி வழங்கியது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய்: ஆய்வகம் அமைக்க 10 லட்சம், ஐந்தாண்டுகள் நடத்த 10 லட்சம். முப்பரிமாண அச்சுப்பொறி, உணரிகள், ரோபோட்டிக்ஸ் கருவித் தொகுப்புகள் ஆகியவை ஆய்வகத்தில் இடம்பெற்றன. நடத்தும் நிதியைப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 2 லட்சம், மாதத்துக்கு 17,000 ரூபாய்க்கும் குறைவு. பராமரிப்பு முதல் பயிற்சி வரை அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும்.

சமவெளிப் பகுதிப் பள்ளிகளுக்கு 1,500 சதுர அடிக் கட்டட இடமும் நிபந்தனையாக இருந்தது. நெருக்கமான நகர்ப்பகுதிகளின் சிறிய பள்ளிகளுக்கு, பணத்தைவிட இந்த இடமே முதல் தடை ஆகிறது. இத்திட்டத்தில் நாடு முழுவதும் 10,000 ஆய்வகங்கள் அமைந்தன. 2025-26 ஒன்றிய நிதிநிலை அறிக்கை, அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்களை அறிவித்தது.

மாநில அரசும் மாநகராட்சியும்

தமிழ்நாடு அரசின் ‘வானவில் மன்றம்’ 2022 நவம்பர் 28 அன்று திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்டது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியல், கணிதச் செயல்முறைகளைக் கற்பிக்கும் இத்திட்டம், 25 கோடி ரூபாயில் 13,210 அரசுப் பள்ளிகளுக்காக அறிவிக்கப்பட்டது. சராசரியாகப் பள்ளிக்கு ஏறத்தாழ 19,000 ரூபாய். கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று கற்பிப்பது இதன் சிறப்பு. அதாவது, இங்கு கருவியோடு ஆளும் வருகிறார்.

சென்னையில் பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் நிதியுதவியோடு 28 மாநகராட்சிப் பள்ளிகளை மேம்படுத்தும் திட்டம் நடைபெற்றது. வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023-24 மாநில நிதிநிலை அறிக்கை மூன்றாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் அறிவித்தது. 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட ‘முதல்வர் படைப்பகம்’ படிப்பகமும் பகிர்ந்த பணியிடமும் கொண்டது. அது மன்றம் அன்று. எனினும் இடத் தட்டுப்பாட்டுக்குப் பொதுக் கட்டடம் தீர்வாக முடியும் என்பதற்கு அது சான்று.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றுள் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வி அப்பணிகளுள் ஒன்று.

தான் இயங்கும் வட்டாரத்துக்கு நிறுவனம் முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. பெருநிறுவனங்கள் நிறைந்த மணலி–எண்ணூர் வளையத்துக்கு இது பொருத்தமான விதி. ஆனால் இவ்விதி வழிகாட்டுதலே, கட்டாயமன்று என்று ஒன்றிய அரசு பின்னர் விளக்கியது. மேலும் 2021 திருத்த விதிகளின்படி, ‘தொடர் திட்டம்’ ஒன்று தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்றாண்டுகளைத் தாண்டக் கூடாது. நிறுவனம் விரும்பினால் புதிய திட்டமாக மீண்டும் தொடங்கலாம்.

கால அளவும் பள்ளிப் பருவமும்

6ஆம் வகுப்பில் மன்றத்தில் சேரும் ஒரு மாணவி 12ஆம் வகுப்பை முடிக்க ஏழு ஆண்டுகள் ஆகும். அடல் ஆய்வகத்தின் நடத்தும் நிதி ஐந்தாண்டுகளுக்கு. நிறுவனத்தின் தொடர் திட்டம் அதிகபட்சம் நான்கு நிதியாண்டுகளுக்கு. எனவே மன்றத்தை ஒரே நிதியால் மட்டும் நடத்தினால், அவள் பள்ளியை முடிக்குமுன் அந்த நிதி முடிந்துவிடும். கருவிகளை ஒன்றிய அரசு நிதியிலும், இடத்தை மாநகராட்சிக் கட்டடத்திலும், பயிற்றுநர் ஊதியத்தை வட்டார நிறுவனங்களின் நிதியிலும் பெற இன்றைய விதிகளிலேயே வழி உண்டு. இம்மூன்றையும் இணைத்து, ஏழாண்டுக் கணக்கில் திட்டமிடும் பொறுப்பை ஏற்க உள்ளூரில் ஓர் அமைப்பு தேவை.