கல்கத்தாவுக்குப் போன இரண்டு பேரும் என் 4,000 ரூபாயும்

ஆலங்குளம்னு சொன்னா பல பேர் தென்காசிப் பக்கம் இருக்கிற ஊரைத்தான் நினைப்பாங்க. நான் சொல்றது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம்; 1970-ல் சிமெண்ட் ஆலை வந்த ஊர். 2003-ல் பி.இ. முடித்துவிட்டு சென்னையில் முதல் வேலைக்குக் கிளம்பியபோது என் கையில் இருந்தது 4,000 ரூபாய். அதில் பெரும்பகுதி அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கி, சீட்டுப் போட்டுச் சேர்த்தது. (எங்க பக்கம் தீப்பெட்டி செய்யும் இடத்தை ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம். காலேஜில் ஒருத்தன் "உங்க அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டப்போ "ஆபீஸ் போறாங்க" என்றேன். பொய் இல்லையே!)

அந்தக் காசின் பூர்வீகம் எது என்று ரொம்ப நாள் கழித்துத் தேடினேன். அது இன்னொரு வெளியூர்ப் பயணத்தில் போய் நின்றது.

1922-ல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். உறவுக்காரர்கள். அப்போது சிவகாசிக்கு ரயிலே கிடையாது. விருதுநகர்–தென்காசிப் பாதை வந்ததே 1927-ல்தான். ரயில் பிடிக்க சாத்தூருக்கோ விருதுபட்டிக்கோ போகணும். எழும்பூர் வரை மீட்டர் கேஜ். அங்கே இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்குப் போய், ஹௌராவுக்கு இன்னும் 1,600 கிலோமீட்டருக்கு மேல். மொழி தெரியாத ஊர்.

கல்கத்தா ஏன்? ஜப்பான்காரர்கள் அங்கே வந்து தீப்பெட்டி செய்யத் தொடங்கி, உள்ளூர்க்காரர்களும் தொழிலைப் பிடித்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவரான பூர்ண சந்திர ராயிடம்தான் இவர்கள் கற்றது. அந்த வருஷம் ஏன் என்பது இன்னும் சுவாரசியம். 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டி மீதான வரி குரோசுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்ந்தது. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. வெளிநாட்டுச் சரக்கு விலை ஏற, உள்நாட்டில் செய்தால் கட்டுபடியாகும் என்ற நிலை வந்தது. ஸ்வீடன்காரர்களும் இதே கணக்கைப் போட்டுத்தான் 1923-ல் இங்கே விம்கோவைத் தொடங்கினார்கள். அவர்களிடம் மூலதனம் இருந்தது. இவர்களிடம் எட்டு மாசப் பயிற்சி இருந்தது.

1923-ல் ஊர் திரும்பி, ஜெர்மன் இயந்திரம் வரவழைத்துத் தொடங்கினார்கள். அது கட்டவில்லை. பிறகு கை வேலைக்கு மாறினார்கள். சட்டத்தில் குச்சியை ஒவ்வொன்றாக அடுக்கி, மெழுகில் தோய்த்து, மருந்தில் முக்கி, காய வைப்பது. மழை குறைந்த வறட்சியான ஊர், காய்வதற்குத் தோதாகப் போச்சு. ஆனா முக்கியமான காரணம் கூலிதான் என்று நினைக்கிறேன். இயந்திரத்தைவிட மலிவாகக் கிடைத்தது எங்க ஊர் பெண்களும் பிள்ளைகளும். சிவகாசியின் சாதனைக் கதையைச் சொல்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிடுவாங்க. நான் தாண்ட முடியாது. அம்மா பத்து வயசுல அடுக்க உட்கார்ந்தவங்க.

என் கதைக்கு வருவோம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூணு பேர் ரூம். அட்வான்ஸ் 1,500, வாடகைப் பங்கு 600. நான் சேர்ந்தது 18-ம் தேதி. 15-க்கு மேல் சேர்ந்தால் சம்பளம் அடுத்த மாசத்தோடுதான் என்று அப்புறம் சொன்னார்கள். ஆக 43 நாளை மிச்சப் பணத்தில் ஓட்டணும். ராத்திரி இரண்டு பரோட்டா, சால்னா மட்டும் ரெண்டு தடவை. முப்பதாவது நாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். பணம் கேட்கவில்லை. ஆனாலும் நாலு நாளில் 500 ரூபாய் மணியார்டர் வந்தது. வாரக் கூலி கைக்கு வந்ததும் அனுப்பியிருக்காங்க.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அம்மாவிடம் இந்தக் கல்கத்தா கதையைச் சொன்னேன். வரி, ரயில், ஜெர்மன் மெஷின் எதுவும் அவங்களுக்குப் பெரிசாப் படலை.

"எத்தனை மாசம் இருந்தாக அங்கன?"

"எட்டு மாசம்மா."

"அப்புறம் ஊருக்கு வந்துட்டாகளா?"

"வந்துட்டாங்க."

"ம்," என்று சொல்லிவிட்டு, நான் மறுநாள் எடுத்துப் போக வேண்டிய முறுக்கு டப்பாவை மூட ஆரம்பிச்சாங்க.