குமண தேசிய பூங்கா

குமண தேசிய பூங்கா என்பது இலங்கையின் தென்கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தில், ஏறத்தாழ 357 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த கரையோர வனவிலங்குக் காப்பிடமாகும். 2006 வரை யால கிழக்கு எனப்பட்ட இப்பூங்காவை, ஊவா மாகாணத்திலிருந்து வரும் கும்புக்கன் ஓயா தெற்கே யால தேசிய பூங்காவிலிருந்து பிரிக்கிறது.

உலர்வலயக் காடும் மணற்கரையும் களப்புகளும் கொண்ட இந்நிலத்தின் மையம் குமண வில்லு ஆகும். வில்லு என்பது ஆழமற்ற சதுப்பு ஏரியைக் குறிக்கும். ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரப்புள்ள இதன் கண்டல் மரங்களில் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன் முதலிய நீர்ப்பறவைகள் ஆண்டின் நடுப்பகுதியில் கூடுகட்டுகின்றன. யானை, சிறுத்தை, முதலை ஆகியனவும் இங்கு வாழ்கின்றன.

1938இல் சரணாலயமாகவும் 1970இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இப்பகுதி, உள்நாட்டுப் போரினால் 1985இல் மூடப்பட்டு 2003இல் மீளத் திறக்கப்பட்டது. 2004 ஆழிப்பேரலையால் பாதிப்புற்றது. 2010இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

பதுளையிலிருந்து வருவோர் பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில், பாணமை வழியாகப் பூங்கா வாயிலுள்ள உகந்தையை அடையலாம். யாலவைவிடப் பார்வையாளர் குறைந்த அமைதியான இடமாயினும், உகந்தை முருகன் ஆலயத்திலிருந்து ஊவாவிலுள்ள கதிர்காமத்துக்கு ஆடிவேல் விழாவையொட்டி நடந்துசெல்லும் பாதயாத்திரிகர்கள் இக்காட்டைக் கடப்பதால், இயற்கை வளத்தோடு சமய மரபும் இணைந்த நிலமாக இது விளங்குகிறது.