கேபிளைக் கழற்றிய பெண்கள்

அசெம்பிளி மொழியில் எழுதிய நிரல் தன் பிழையைத் தானாகச் சொல்வது அரிது. பத்து முறை சுற்ற வேண்டிய இடத்தில் பதினோரு முறை சுற்றிவிட்டு, தவறான விடையைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் முடிந்துவிடும். அப்போதுதான் ஜிடிபி போன்ற டீபக்கரைத் திறக்கிறோம். 'பிரேக்' கட்டளையால் ஓரிடத்தைக் குறித்தால் நிரல் அங்கே வந்து நிற்கும். 'ஸ்டெப்ஐ' என்று தட்டினால் ஒரே ஒரு கட்டளை ஓடும். 'இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ்' என்றால் பதிவகங்களில் உள்ள எண்கள் திரையில் வரும. நாம் எதிர்பார்த்த எண்ணும் திரையில் உள்ள எண்ணும் எந்த அடியில் வேறுபடுகின்றனவோ, அங்கிருந்து பிழையைத் தேடலாம்.

ஜிடிபியை 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதினார். ஆனால் ஓடும் கணக்கை நடுவில் நிறுத்தி, அடியடியாக நடத்திப் பார்க்கும் இந்த வேலை அதைவிட நாற்பது ஆண்டு பழையது.

இரண்டாம் உலகப் போரின்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில், அமெரிக்க ராணுவத்துக்காகப் பல பெண்கள் பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட்டார்கள். 'கம்ப்யூட்டர்' என்பது அவர்களுடைய பதவிப் பெயர். மேசைக் கணக்குப்பொறியில் ஒரு பாதையைக் கணக்கிட முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே வேலைக்கு அங்கே கட்டப்பட்ட எந்திரம்தான் எனியாக். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள், 30 டன் எடை. அதற்கு நிரல் அமைக்க 1945இல் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்: கேத்லீன் மெக்நல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன்.

இது கொலைக் கருவிகளுக்கான கணக்கு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனியாக்கில் ஓடிய முதல் பெரிய கணக்கே ஹைட்ரஜன் குண்டு ஆய்வுக்கானது. இந்தப் பெண்களைப் போற்றுவதற்காக அதை மறந்துவிட்டால் நாம் எழுதுவதும் அரை வரலாறுதான்.

எந்திரம் இருந்த அறைக்குள் நுழைய அவர்களுக்கு முதலில் அனுமதி இல்லை. வரைபடங்களைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். கையேடு கிடையாது. எனியாக்கில் நிரலை எழுதி ஏற்ற முடியாது. கேபிள்களைச் செருகி, ஆயிரக்கணக்கான சுவிட்சுகளைத் திருப்பித்தான் அமைக்க வேண்டும். விநாடிக்கு 5,000 கூட்டல் செய்யும் எந்திரத்தில் பிழையைக் கண்ணால் பிடிப்பது எப்படி? கையில் பிடிக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு கூட்டலுக்கான நேரம் மட்டும் எந்திரம் ஓடி நிற்கும். திரட்டிகளின் முகப்பில் எரியும் நியான் விளக்குகளைப் பார்த்து எண்ணைப் படிக்கலாம். வெகுதூரம் ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமானால், அந்த இடத்துக் கேபிளைக் கழற்றிவிடுவார்கள். அதற்குப் பெயர் 'பிரேக்பாயிண்ட்'. இந்த உத்தி பெட்டி ஸ்னைடருடையது என்று சொல்லப்படுகிறது.

ஆனால் சரியான எண் எதுவென்று தெரியாமல் விளக்கைப் பார்த்து என்ன பயன்? எந்திரம் செய்யும் அதே வரிசையில் மார்லினும் ரூத்தும் ஒரு சோதனைப் பாதையைக் கையால் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். பெட்டிகள் இருவரும் அந்தத் தாளோடு விளக்குகளை ஒப்பிட்டார்கள். என் பார்வையில், இந்தக் கதையில் ஆகக் குறைவாகப் பேசப்படும் உழைப்பு அந்தத் தாள்தான்.

1946 பிப்ரவரி 15 அன்று பொது விளக்கக் காட்சி. முந்தைய இரவு வரை ஒரு பிழை தீரவில்லை: குண்டு தரையைத் தொட்ட பிறகும் கணக்கு நிற்காமல் ஓடியது. வீட்டுக்குப் போய்த் தூங்கிய பெட்டி ஸ்னைடர், விடை புரிந்து விழித்து, காலையில் வந்து ஒரே ஒரு சுவிட்சை மாற்றினார். குண்டு பறக்க 30 விநாடி எடுக்கும் பாதையை எந்திரம் 20 விநாடியில் கணக்கிட்டு முடித்தது. பார்த்தவர்கள் வியந்தார்கள். அன்றிரவு விருந்துக்கு அந்தப் பெண்களை யாரும் அழைக்கவில்லை.

எந்திரத்தைக் கட்டியது அறிவு, அதை ஓடவைத்தது எழுத்தர் வேலை என்று அன்று பிரித்தார்கள். அரசுப் பதவி வகைப்பாட்டிலும் இவர்கள் தொழில்முறையாளருக்கு ஒரு படி கீழே. அந்த வேலை எளிது என்பதால் பெண்களுக்குத் தரப்பட்டதா, பெண்கள் செய்ததால் எளிது என்று எண்ணப்பட்டதா? சுவிட்சை மாற்றிய அந்தக் காலையைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது.

அடுத்த ஆண்டே, 1947இல், கேத்லீன் பூத் தம் குழுவினர் கட்டிக்கொண்டிருந்த ஏஆர்சி எந்திரத்துக்காக அசெம்பிளி மொழியின் முதல் வடிவத்தை உருவாக்கினார். பெட்டி ஸ்னைடர் பின்னர் பெட்டி ஹோல்பர்டன் என்ற பெயரில், யூனிவாக் எந்திரத்துக்கு எண்களுக்குப் பதில் எழுத்துகளாலான கட்டளைகளை அமைத்தார், கூட்டலுக்கு 'ஏ'.

1980களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி எனியாக்கின் பழைய படங்களைப் பார்த்து, இந்தப் பெண்கள் யார் என்று கேட்டார். குளிர்பதனப்பெட்டி விளம்பரத்தில் நிற்பவர்களைப் போன்ற மாடல்கள் என்று பதில் வந்தது. அவர் நம்பவில்லை, தேடிப் போய் அவர்களைக் கண்டுபிடித்தார். 1997இல் ஆறு பேருக்கும் தொழில்நுட்பத் துறைப் பெண்களின் பன்னாட்டு அமைப்பொன்று சிறப்புச் செய்தது. தாளில் எண்களைக் கணக்கிட்டு வைத்த ரூத் 1986இலேயே இறந்துபோயிருந்தார்.