குன்றும் மாண்டது: நவூரு தீவின் கணக்கு

"குந்தித் தின்றால் குன்றும் மாளும்" என்பார்கள். பசிபிக் பெருங்கடலில் இருக்கும் நவூரு என்ற குட்டி நாட்டுக்கு இது வெறும் பழமொழி அல்ல, வரலாறு! தீவின் நடுவில் இருந்த மேட்டு நிலத்தையே தோண்டி விற்றார்கள். விற்ற பணமும் தீர்ந்தது. கடைசியில், "பணம் எங்கே போனது?" என்று கேட்கும் உரிமையும் நெருக்கடிக்கு உள்ளானது.

நவூருவின் பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை சுமார் 12,000. அதிகாரபூர்வத் தலைநகரம் என்று ஒன்றுகூட கிடையாது.

கணக்குக் கேட்ட நாடு

1900-ம் ஆண்டு அங்கே உயர்தரமான பாஸ்பேட் பாறை இருப்பது தெரிய வந்தது. உரத் தயாரிப்புக்கு அது பொன்னுக்குச் சமம். முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து ஆகிய 3 நாடுகள் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்துத் தோண்டின. சந்தை விலையைவிடக் குறைந்த விலைக்குத் தங்கள் நாட்டு விவசாயிகளுக்குக் கொண்டு போயின. தீவின் சொந்தக்காரர்களுக்குக் கிடைத்தது சொற்பமே.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தீவைப் பிடித்தது. சுமார் 1,200 பேரை ட்ரக் தீவுகளுக்கு நாடு கடத்தியது. அவர்களில் உயிரோடு ஊர் திரும்பியவர்கள் 737 பேர்தான். அவர்கள் கரை இறங்கிய நாள் 1946 ஜனவரி 31. அதே ஜனவரி 31-ல், 1968-ம் ஆண்டு, நவூரு சுதந்திரம் பெற்றது. ட்ரக்கிலிருந்து பிழைத்து வந்தவர்களில் ஒருவரான ஹாமர் டிரோபர்ட் முதல் அதிபர் ஆனார்.

1989-ல் இந்தச் சின்னஞ்சிறு நாடு ஆஸ்திரேலியாவையே சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. "எங்கள் நிலத்தைப் பாழாக்கியதற்குப் பதில் சொல்" என்பதே வழக்கு. 1993-ல் ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. ஆனால் வெளியாரிடம் இவ்வளவு கறாராகக் கணக்குக் கேட்ட நாடு, சொந்த வீட்டில் கணக்குக் கேட்கவில்லை.

கணக்குக் கேட்காத நாடு

சுதந்திரத்துக்குப் பிறகு பாஸ்பேட் வருமானம் முழுவதும் நவூருவுக்கே வந்தது. "பாறை தீர்ந்த பிறகு பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்று யோசித்து ஒரு பகுதியை நிதியத்தில் போட்டார்கள். உச்ச காலத்தில் அதன் மதிப்பு 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். யோசனையில் குறை இல்லை. நடத்திய விதத்தில்தான் குறை.

மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் கட்டினார்கள். பயணிகள் போதாத விமான நிறுவனம் ஒன்றை நடத்தினார்கள். நஷ்ட ஈடு கிடைத்த அதே 1993-ல், லண்டனில் லியோனார்டோ டாவின்சி பற்றிய இசை நாடகம் ஒன்றில் பணம் போட்டார்கள். சில வாரங்களில் அது மூடப்பட்டது. கடனுக்கு மேல் கடன்.

இதையெல்லாம் மக்கள் ஏன் தடுக்கவில்லை? வணிகவியல் பார்வையில் ஒரு காரணம் தெளிவாகத் தெரிகிறது. அப்போது நவூருவில் வருமான வரி கிடையாது. பங்குதாரர் நிறுவனத்தைக் கேள்வி கேட்பது தன் பணம் அதில் இருப்பதால்தான். வரி கட்டுகிறவருக்கும் அதே உணர்வு உண்டு. வரியே கட்டாமல் எல்லாம் இலவசமாக வந்துகொண்டிருந்தால், கேட்கும் பழக்கமே வளர்வதில்லை. நிதியத்தின் கணக்குகளும் மக்கள் முன் ஒழுங்காக வைக்கப்படவில்லை. பணம் கரைந்தது கணக்கில் தெரிவதற்கு முன் வாழ்க்கையில் தெரிந்தது.

2004-ல் மெல்போர்ன் கட்டடம் விற்கப்பட்டது. 2005-ல் கடைசி விமானமும் பறிமுதல். நாட்டின் வங்கியில் போட்ட சேமிப்பை மக்களால் எடுக்க முடியவில்லை.

வாய்ப்பூட்டு

பிறகு வேறொரு வருமானம் வந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வரும் அகதிகளை அடைத்து வைக்க நவூரு இடம் கொடுத்தது. 2001-ல் தொடங்கி 2008-ல் நின்ற இந்த ஏற்பாடு 2012-ல் மறுபடி வந்தது. அரசுக்குப் பணம் வந்தது. கேள்விகளும் வந்தன. இந்த முறை கேட்டவர்கள் மீதே கை வைத்தார்கள்.

2014 ஜனவரியில் மாஜிஸ்திரேட் பீட்டர் லா பதவி நீக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். தலைமை நீதிபதி ஜெஃப்ரி ஈம்ஸின் விசா ரத்தானது. அதே மாதம் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் விசாக் கட்டணம் 200 டாலரிலிருந்து 8,000 டாலராக ஏறியது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்ப வராது! அந்த ஆண்டே நாடாளுமன்றத்தின் 19 உறுப்பினர்களில் எதிர்க்கட்சி வரிசையைச் சேர்ந்த 5 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் 3 பேர் மீதான குற்றச்சாட்டு, வெளிநாட்டு ஊடகங்களிடம் பேசியது. 2015-ல் ஃபேஸ்புக் முடக்கப்பட்டது. 2018 வரை அந்தத் தடை நீடித்தது.

2015 ஜூனில் நாடாளுமன்றத்தின் முன் போராட்டம் நடந்தது. வழக்குத் தொடரப்பட்டவர்கள் 'நவூரு 19' என்று அறியப்பட்டார்கள். முன்னாள் அதிபர் ஸ்ப்ரென்ட் டாப்விடோவும் அவர்களில் ஒருவர். இவர்களில் 3 பேரின் தண்டனை தொடர்பான மேல்முறையீட்டில், 2017 அக்டோபரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1976 முதல் நவூருவிலிருந்து அங்கே மேல்முறையீடு செய்யும் வழி இருந்தது. 2018 மார்ச்சில் அந்த வழியையே நவூரு அரசு மூடிவிட்டது. 2018 செப்டம்பரில் நீதிபதி ஜெஃப்ரி மூக்கி, நியாயமான விசாரணை கிடைக்காது என்று வழக்கை நிரந்தரமாக நிறுத்தினார். 2019-ல் அந்த உத்தரவு ரத்தாகி வழக்கு மீண்டும் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பலர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. டாப்விடோ அதைப் பார்க்கவில்லை. மே மாதமே புற்றுநோயில் இறந்துவிட்டார்.

இருந்தாலும் 2019 ஆகஸ்ட் தேர்தலில் அதிபர் பாரன் வாக்கா தன் தொகுதியிலேயே தோற்றார். வாயைப் பூட்டினாலும் வாக்குச் சீட்டு மிச்சம் இருந்தது. 2014-ல் வருமான வரி வந்தது. 2015-ல் புதிய நிதியம் ஒன்று தொடங்கப்பட்டது. அதை நிர்வகிக்கும் குழுவில் வெளியாருக்கும் இடம் தந்தார்கள். பழைய பாடம் ஓரளவு புரிந்திருக்கிறது.

தணிக்கையும் பேச்சுரிமையும் வேறு வேறு துறைகள் போலத் தோன்றும். தணிக்கை கணக்குப் பிள்ளையின் வேலை, பேச்சுரிமை வக்கீலின் வேலை என்று நினைக்கிறோம். நவூருவின் கதை அப்படிச் சொல்லவில்லை. பணம் நிறைய இருந்தபோது கேட்கப் பழகாத மக்கள், பின்னால் கேட்க எழுந்தபோது கேட்கும் இடங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. குன்று மாண்டால் திரும்ப வராது. கேட்கும் பழக்கத்தையாவது மாள விடாமல் இருக்கலாம்.