வீட்டு வீடியோ கேசட்: டிஜிட்டலாக்க அமைப்புகள்
சிற்றூரானாலும் சென்னையானாலும், பரண்மேல் கிடக்கும் கல்யாணக் கேசட்டுகள் பெரும்பாலும் பால் (PAL) முறையில் பதிவானவை: 625 வரிகள் (படத்துக்கு 576), நொடிக்கு 25 பிரேம், ஒவ்வொரு பிரேமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு பாதிகள். ஆகவே மூலப்பிரதியை 720×576 அளவில், பாதிகளைக் கலக்காமல், எஃப்எஃப்வி1 போன்ற இழப்பற்ற முறையில் எடுப்பதே சரி. ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் பிசிஎம். மங்கிய நாடாவுக்கு இத்தனை எதற்கு என்பார்கள். மங்கியதுதான் காரணம்: நாடாவின் இரைச்சலையும் படமென்றே எண்ணி, இழப்புள்ள சுருக்க முறையான ஹெச்.264 பிட்டுகளை அதில் கொட்டிவிடும். பிட்வீதம் குறைந்தால் தாலி கட்டும் நேரத்து முகங்கள் கட்டங்கட்டமாகச் சிதையும்.

இடம் அடைக்கும் என்ற ஆட்சேபம் நியாயமே. சுருக்காத 8 பிட் 4:2:2 படம் மணிக்குச் சுமார் 75 ஜிபி. இழப்பற்ற சுருக்கம் அதை வெகுவாகக் குறைக்கும். அதோடு, நாடா தேய்ந்தபின் மறுபடி எடுக்க வழியில்லை. உறவினருக்கு அனுப்ப, இரு பாதிகளையும் பிரித்து நொடிக்கு 50 பிரேமாக்கிய ஹெச்.264 நகல் போதும். அமெரிக்காவில் பதிவான கேசட் என்றால் என்டிஎஸ்சி, அதற்கு 720×480.