பொப்பி மலரும் பூவரசம் பூவும்

கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தோட்டத் துரைமாரின் தொண்டர் படை 1914 ஒக்டோபரில் கப்பலேறி எகிப்துக்கும், பின்னர் கலிப்பொலிப் போர்முனைக்கும் சென்றது. அப்படையில் ஐரோப்பியருக்கே இடமிருந்தது. ஆயினும் நம் நாட்டவர் பலரும் பிரித்தானியப் படைகளிற் சேர்ந்து அப்போரிற் பொருதனர்.

போரில் அங்கம் இழந்தோருக்காக மேஜர் ஜோர்ஜ் ஹவ்சன் 1922இல் லண்டனில் ஒரு தொழிற்சாலையைத் திறந்தார். முதலில் ஐவரே வேலை செய்தனர். ஒரு கையை இழந்தவனும் மறு கையால் இதழ்களைப் பொருத்தி முடிக்கத்தக்கதாக, செந்நிறப் பொப்பி மலரை அவர் வெகு எளிதாக அமைத்திருந்தார். இரந்துண்ணாது உழைத்துண்ண வழி செய்த இச்செயலை எவர் குறை கூறுவர்?

குறை வேறிடத்தில் இருந்தது. நவம்பர் 11ஆந் திகதிதோறும் இலங்கையிலும் பொப்பி விற்பனை நடந்தது. சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய வீரருக்கே போயிற்று. இங்கு வறுமையில் வாடிய முன்னாள் வீரரைக் கவனிப்பாரில்லை. ஆகவே ஏலியன் பெரேரா தலைமையில் இலங்கை முன்னாள் போர்வீரர் சங்கத்தார் அதே நாளில் ‘சூரிய மல்’ விற்கத் தொடங்கினர். சூரிய மல் வேறொன்றுமன்று. யாழ்ப்பாணத்து வேலிகளிற் பூக்கும் நமது பூவரசின் மஞ்சட் பூவேயாம்.

1933இல் தென் கொழும்பு வாலிபர் சங்கத்தார் இம்முயற்சியைக் கையேற்றனர். நம் பள்ளிப் பிள்ளைகளைப் பொப்பி வாங்கச் செய்வது முறையோ என்று பத்திரிகையில் எழுதிக் கேட்டவர் டொரீன் யங் அம்மையார். அவரும் இங்கிலாந்திற் பிறந்தவரே!

1934-35இல் மலேரியா பரவியபோது, பூ விற்ற அதே வாலிபர் கண்டிக்கு அயலான கேகாலைக் கிராமங்களில் மருந்தும் உணவும் சுமந்து வீடு வீடாகச் சென்றனர்.